தண்டவாளம் போன வழியில்: லண்டன் டிராம் தடங்களில் ஆறு நாள்

முதல் நாள்: ஹோல்போர்ன்

ஹோல்போர்ன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, சவுத்தாம்ப்டன் ரோ வழியாக வடக்கே மூன்று நான்கு நிமிடம் நடந்தால் போதும். தியோபால்ட்ஸ் ரோடு சந்திப்புக்கு அருகே சாலையின் நடுவில் இரும்பு வேலி போட்ட ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பஸ்கள் உரசிக்கொண்டு போகின்றன. நடுவே கருங்கல் பாவிய சரிவு ஒன்று தரைக்கடியில் இறங்கி இருட்டில் மறைகிறது. லண்டனின் பழைய டிராம் பாதை இவ்வளவு முழுமையாக மிஞ்சியிருக்கும் இடம் இதுதான். வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. உள்ளே இறங்க வேண்டுமென்றால் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் அவ்வப்போது நடத்தும் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், தரை மேடுபள்ளமாக இருக்கும், தட்டையான காலணி அவசியம்.

வேலி வழியாகப் பார்க்கும்போது கோடுகளை எண்ணுங்கள். ஒரு பாதைக்கு இரண்டு கோடு இருப்பதுதான் வழக்கம். இங்கே மூன்று. வெளிக்கோடுகள் இரண்டும் சக்கரம் ஓடும் தண்டவாளம், இடைவெளி 4 அடி 8½ அங்குலம். நடுக்கோடு தண்டவாளமே இல்லை, சுமார் ஓர் அங்குல அகலமுள்ள பிளவு. அதற்குக் கீழே ஒரு கால்வாய். கால்வாயின் இரு பக்கச் சுவரிலும் மின்சாரம் பாயும் இரும்புத் தண்டுகள், ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. டிராமின் அடிவயிற்றிலிருந்து தட்டையான ஒரு பலகை பிளவுக்குள் இறங்கி, இரண்டு தண்டுகளையும் தொட்டபடியே நகரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கலப்பை.

தலைக்கு மேல் கம்பி கட்டினால் நகரின் அழகு கெடும் என்று அன்றைய நகர நிர்வாகமான லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 1903-ல் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தது. அழகுக்குக் கொடுத்த விலை பெரிது. சில அடிகளுக்கு ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் பதித்து, கால்வாய் கட்டி, மழைநீர் வடியக் குழிகள் தோண்டி, அவற்றைச் சாக்கடையோடு இணைக்க வேண்டும். இரவில் சேறு அள்ள ஆட்கள் வேண்டும். சாலையில் விழும் கம்பித்துண்டும் சங்கிலியும் பிளவுக்குள் போய்விடும். கோளாறு வரும் விதமும் விசித்திரமானது. ஒரு முனை மட்டும் தரையோடு ஒட்டினால் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. வேறோர் இடத்தில் மற்ற முனையும் ஒட்டும் நேரத்தில் அந்தப் பகுதி முழுக்க நின்றுவிடும். சந்திப்புகளில் தண்டுகள் விட்டுவிட்டு இருப்பதால் வண்டி வேகத்திலேயே கடந்துவிட வேண்டும். சரியாக அந்த இடைவெளியில் நின்றால் மின்சாரம் இல்லை, பின்னால் வரும் டிராம் வந்து தள்ளினால்தான் நகரும்.

நம் சென்னைக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1895-ல் மதராஸில் ஓடத் தொடங்கிய மின்சார டிராமும் முதலில் தரைக்கடி முறையில்தான் வந்தது. பருவமழை தண்ணீரை நிரப்பியதும் மேல்கம்பிக்கு மாறிவிட்டார்கள். லண்டன் மாறவில்லை, கடைசி நாள் வரை கால்வாயைச் சுமந்தது.

இந்தச் சரிவு இறங்கும் கிங்ஸ்வே டிராம் சுரங்கம் 1906 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. வடக்கு டிராம்களையும் தெற்கு டிராம்களையும் இணைத்த ஒரே வழி இதுதான், ஏனென்றால் நகரின் மையத்திலும் வெஸ்ட் எண்டிலும் சாலை மேல் டிராமை அனுமதிக்கவே இல்லை. எல்லாத் தடங்களும் மையத்தின் விளிம்பில் வந்து நின்றுவிடும். சரிவு பத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் ஒற்றை அடுக்கு வண்டிதான் நுழையும். மாடி வண்டி போவதற்காக 1930-ல் மூடித் தோண்டி, 1931 ஜனவரி 14-ல் மறுபடி திறந்தார்கள். அவ்வளவு செலவு செய்து வெட்டிய சுரங்கத்துக்கு அதன்பின் கிடைத்தது 21 ஆண்டு. 1952 ஏப்ரல் 5 இரவோடு டிராம் நின்றது. அடுத்த ஆண்டு எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா சமயத்தில் உள்ளே பஸ்களை நிறுத்திவைத்தார்கள். தெற்குப் பாதியின் ஒரு பகுதி 1964-ல் கார்கள் போகும் ஸ்ட்ராண்ட் கீழ்ப்பாதை ஆனது.

சுரங்கத்தில் ஓடிய 33, 35 ஆகிய டிராம் தடங்களுக்குப் பதிலாக வந்தவை 171, 172 என்ற பஸ்கள். அவை சுரங்கத்துக்கு மேலே இருக்கும் கிங்ஸ்வே சாலையின் நெரிசலில் ஊர்ந்தன. தனக்கென்று சொந்தப் பாதை வைத்திருந்த வண்டியை எடுத்துவிட்டு, பாதையே இல்லாத வண்டியைக் கொடுத்தார்கள். நேரம் இருந்தால் கிங்ஸ்வே, ஆல்ட்விச் வழியாகத் தெற்கே நடந்து, தேம்ஸ் கரையில் வாட்டர்லூ பாலத்தின் அடியில் சுரங்கத்தின் மறுவாயையும் பார்த்துவிடலாம். இருபது நிமிட நடை.


இரண்டாம் நாள்: டூட்டிங், பிறகு 109

நார்தர்ன் லைனில் டூட்டிங் பிராட்வே. அங்கிருந்து வடக்கே சில நிமிட நடையில் டாட்டர்டவுன் ஸ்ட்ரீட். தெருவில் பார்க்க எதுவும் இல்லை, பெயர்ப்பலகைதான். ஆனால் 1903 மே 15-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து கிளம்பிய கவுன்சிலின் முதல் மின்சார டிராம் வந்து சேர்ந்த முனை இதுதான். வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார்.

சாலையைக் குறுக்கே ஒருமுறை பாருங்கள், இரு பக்க நடைபாதைக்கும் இடையே. 1870-ஆம் ஆண்டின் டிராம்வே சட்டப்படி, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள சாலையையும் இரு பக்கமும் 18 அங்குலம் வரையிலான சாலையையும் டிராம் நடத்துபவரே பராமரிக்க வேண்டும். இரட்டைப் பாதை 4 அடிக்குள் அருகருகே இருந்தால் இடையில் உள்ள நிலமும் அவர் கணக்கில்தான். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 5 மீட்டர் அகலச் சாலை. குதிரை இழுக்கும் டிராம் காலத்தில் இதில் நியாயம் இருந்தது, குதிரையின் குளம்புதான் சாலையைத் தேய்த்தது. மின்சார டிராமில் குளம்பு இல்லை. ஆனால் சட்டம் மாறவில்லை. லாரியும் காரும் பஸ்ஸும் அந்தக் கருங்கல்லின் மேல் ஓடித் தேய்க்க, டிராம்தான் சரிசெய்தது. போதாததற்கு, பாதைக்குச் சொத்து வரியும் உண்டு. பஸ்ஸும் உரிமக் கட்டணமும் எரிபொருள் வரியும் கட்டியது என்பது உண்மைதான், ஆனால் சாலை உடைந்தால் அதன் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

லண்டன் டிராமின் முடிவைப் பற்றி எத்தனையோ காரணங்கள் சொல்வார்கள். நெரிசல், சத்தம், பழமை என்று. எல்லாமே ஓரளவு சரி. ஆனால் ஒவ்வொரு முடிவும் எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தால், தேய்ந்த பாதையைப் புதுப்பிக்கும் செலவு மேசைக்கு வந்த நேரமாகவே அது இருக்கும். அதே சட்டத்தில் இன்னொரு விதி: 21 ஆண்டுக்குப் பிறகு உள்ளாட்சி அமைப்பு டிராமை அன்றைய பொருள் மதிப்புக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம், எதிர்கால லாபத்துக்குக் காசு கிடையாது. கெடு நெருங்கும் நேரத்தில் எந்தத் தனியார் நிறுவனம் புதுத் தண்டவாளம் போடும்?

1931-ல் அரச போக்குவரத்து ஆணையம் தன் இறுதி அறிக்கையில், இனிப் புது டிராம் பாதை வேண்டாம், இருப்பவற்றையும் படிப்படியாக மாற்றுங்கள் என்றது. 1933 ஜூலை 1-ல் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் உருவாகி, சுமார் 2,600 டிராம்களை ஏற்றுக்கொண்டது. 1935 முதல் 1940 ஜூன் வரை வடக்கு, கிழக்கு, மேற்குத் தடங்களை, தண்டவாளம் இல்லாமல் மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் டிராலிபஸ்ஸாக மாற்றிவிட்டது. தெற்கு மட்டும் மிச்சம். போர் வந்ததால் கிடைத்த அவகாசம் அது.

மதியம் பிரிக்ஸ்டனிலிருந்து 109 பஸ். டூட்டிங்கிலிருந்து ஸ்டாக்வெல் வந்து விக்டோரியா லைனுக்கு மாறினால் பிரிக்ஸ்டன் ஒரே நிறுத்தம். இந்த 109, பர்லியிலிருந்து தேம்ஸ் கரை வரை ஓடிய 16, 18 டிராம்களுக்குப் பதிலாக 1951 ஏப்ரல் 8-ல் வந்தது. இன்று பிரிக்ஸ்டன் முதல் கிராய்டன் வரை. மாடியில் முன்வரிசையில் உட்காருங்கள். ஸ்ட்ரெத்தம் தாண்டி நார்பரி வரும்போது பழைய கவுன்ட்டி எல்லை. அங்கேதான் கலப்பை மாற்றும் குழி இருந்தது.

கிராய்டன் நகராட்சியின் டிராம் மேல்கம்பியில் ஓடியது, லண்டனுடையது கால்வாயில். ஒரே வண்டி இரண்டிலும் ஓட வேண்டும். லண்டனை விட்டு வெளியே போகும் வண்டி குழியருகே மெதுவாக வரும். நடத்துநர் பின்பக்கம் இறங்கி, வண்டிக் கூரையில் இருக்கும் கம்பத்தை அவிழ்த்து மேல்கம்பியில் பொருத்துவார். வண்டி நகர்ந்ததும் பிளவு பக்கவாட்டில் வளைந்து விலக, கலப்பை தானாக வண்டியின் அடியிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். எதிர்த்திசையில் வருவதுதான் வேலை. குழியருகே நிற்கும் ஆள், இரட்டைப் பல் முள்கரண்டி போன்ற ஒரு நீளக் கம்பியால் கலப்பையைத் தாங்கி, நகரும் வண்டியின் அடிக்குள் செருக வேண்டும். சிறிது தவறினால் கலப்பை வளையும், பின்னால் வரிசை நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு நடைக்கும் இது. இந்த ஆளின் சம்பளமும் டிராமின் கணக்குதான்.

தார்ன்டன் ஹீத்தில் பஸ் பணிமனையைக் கடப்பீர்கள். கிராய்டன் நகராட்சியின் டிராம் பணிமனை இருந்த மனை அது.


மூன்றாம் நாள்: டாக் கென்னல் ஹில்

இன்று ஒரே ஒரு மேடு. லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயிலில் ஈஸ்ட் டல்விச், அங்கிருந்து ஏறி நடக்கலாம். அல்லது விக்டோரியாவிலிருந்து 185 பஸ். 58-ஆம் எண் டிராமின் வாரிசு இந்த 185.

சாலை தேவைக்கு மீறி அகலமாகத் தெரியும். இங்கே நான்கு தண்டவாளப் பாதைகள் இருந்தன, ஏறுவதற்கு இரண்டு, இறங்குவதற்கு இரண்டு. முன்னால் ஏறும் வண்டி பின்வாங்கினால் பின்னால் வருவதை நசுக்கிவிடும் என்பதால், ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் ஏறுவதற்கு அனுமதி இல்லை. எனவே மாற்றி மாற்றி இரண்டு பாதை. எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் தட்டையான சாலையில் பெரும் லாபம், உராய்வு குறைவு, மின்சாரம் மிச்சம். மேட்டில் அதே குணம் எதிரி. ஈரம், இலை, எண்ணெய் மூன்றில் ஒன்று இருந்தாலும் சக்கரம் வழுக்கும். மணல் தூவும் பெட்டி ஒவ்வொரு டிராமிலும் இருந்தது.

கவுன்சில் ஆயிரத்துக்கும் மேல் கட்டிய ஈ/1 வகை டிராமில் மோட்டார் இரண்டுதான், எடையின் பெரும்பங்கும் மோட்டார் ஓட்டும் பெரிய சக்கரங்களின் மேல் விழும்படி அமைத்திருப்பார்கள், சிறிய சக்கரங்கள் சும்மா உருளும். இந்த மேட்டுக்கு அது போதவில்லை. ஹெச்.ஆர்/2 என்று நான்கு மோட்டார் போட்டுத் தனி வகையே செய்தார்கள். ஹெச்.ஆர் என்றால் மேட்டுத் தடம். தண்டவாளத்தையே காந்தத்தால் கவ்வும் பிரேக், பின்னுருளாமல் தடுக்கும் பிரேக் எல்லாம் அதில் சேர்ந்தன. அந்த வகையில் 1858 என்ற எண்ணுள்ள வண்டி லோஸ்டாஃப்ட் அருகே கார்ல்டன் கோல்வில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரப்பர் டயர் பஸ்ஸுக்கு இந்த மேடு ஒரு பொருட்டே இல்லை. பஸ்ஸின் பக்கம் நியாயம் முழுதாக இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்து இது ஒன்று.


நான்காம் நாள்: நியூ கிராஸ் முதல் சார்ல்டன் வரை

பெக்கமிலிருந்து தேம்ஸ்மீட் போகும் 177 பஸ்ஸை நியூ கிராஸில் பிடிக்கவும். 36, 38 டிராம்கள் ஓடிய சாலை இது. லண்டனின் கடைசி டிராம் கட்டத்தில் மாறிய தடங்களில் ஒன்று. கட்டணத்துக்குக் காசு நோட்டு எடுத்துவராதீர்கள், பஸ்ஸில் ரொக்கம் 2014-லிருந்து வாங்குவதில்லை. வங்கி அட்டையோ, லண்டன் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டையோ தட்ட வேண்டும் (2025-ல் கட்டணம் 1.75 பவுண்ட்), முதல் தட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் டிராமும் மாறிக்கொள்ளலாம். ஒரே அட்டையைத் தட்டுங்கள். அட்டை ஒன்று, கைப்பேசி ஒன்று என்று மாற்றித் தட்டினால் இரண்டாகக் கணக்காகும்.

நியூ கிராஸ் பஸ் பணிமனை 1906-ல் டிராமுக்காகக் கட்டியது, முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கும். 1952 ஜூலை 6 அதிகாலை லண்டனின் கடைசி டிராம் நுழைந்தது இங்கேதான். கடைசியில் கைப்பிடியைப் பிடித்தவர் லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் துணைத் தலைவர் ஜான் கிளிஃப், டிராம் ஓட்டுநராக வேலையைத் தொடங்கியவர்.

போருக்குப் பிந்தைய முடிவு எப்படி வந்தது என்பதை இந்தச் சாலையில் யோசிப்பது பொருத்தம். தெற்கையும் டிராலிபஸ்ஸாக மாற்றுவதே போருக்கு முந்தைய திட்டம். 1946 நவம்பரில் வாரியம் மனம் மாறி, டீசல் பஸ் என்று அறிவித்தது. காரணங்களை அன்றைய கண்ணால் பார்க்க வேண்டும். குண்டு விழுந்து சாலையில் பள்ளம் ஏற்பட்டால் பஸ் அடுத்த தெருவில் சுற்றிப் போய்விடும், டிராம் அங்கேயே நிற்கும். ஆறு வருடம் லண்டன் இதைத்தான் பார்த்தது. போர்க்காலத்தில் தண்டவாளம் மாற்ற ஆளும் இல்லை, எஃகும் இல்லை. எனவே 1946-ல் மிஞ்சிய பாதை ஏறக்குறைய முழுவதும் ஒரே சமயத்தில் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தது. வண்டிகளிலும் பல முப்பது நாற்பது வயது. மறுபக்கம், ஆர்.டி. என்ற பஸ் தயாராக இருந்தது.

ஆர்.டி. பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஏ.இ.சி. நிறுவனத்தின் 9.6 லிட்டர் டீசல் எஞ்சின், காற்று பிரேக், அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்து மிதியை அழுத்தும்போது மாறும் கியர்பெட்டி. லேலண்ட் செய்த தம்பிகளான ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. சேர்த்து 6,956 வண்டிகள். உடல்களை அச்சு வைத்துத் துல்லியமாகக் கட்டியதால் எந்த உடலும் எந்தச் சட்டகத்திலும் பொருந்தும். ஆல்டன்ஹம் பணிமனையில் உடலைத் தூக்கி ஒரு வரிசையில் விட்டு, சட்டகத்தை இன்னொரு வரிசையில் பிரித்து, முடியும்போது முதலில் கிடைத்த உடலை முதலில் கிடைத்த சட்டகத்தில் உட்கார வைத்து அனுப்புவார்கள். ஒரு எண்ணில் நுழைந்த வண்டி அதே எண்ணில் வெளியே வரும், உள்ளே இருப்பது வேறு வண்டி. எண்ணும் உடலும் ஒன்றென்று நினைத்துப் பழைய பஸ் படங்களை வரிசைப்படுத்துபவர்கள் சிக்கிக்கொள்வது இதில்தான்.

இனி எளிய கணக்கு. பெரிய டிராமில் இருக்கை 74. ஆர்.டி.யில் 56, மாடியில் 30, கீழே 26. நூறு டிராம்களின் இருக்கைக்கு ஈடாக 132 பஸ் வேண்டும். இரண்டிலும் ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். எனவே 200 பேர் செய்த வேலைக்கு 264 பேர். பாதைக்கான செலவு போய், சம்பளச் செலவு வந்தது. 1946-ல் இது சிறிய விஷயமாகத் தெரிந்தது. பத்தாண்டில் ஆள் கிடைப்பதே கடினமாகி, 1956-ல் நிர்வாகம் பார்படோஸில் நேரடியாக ஆள் எடுக்கத் தொடங்கியது. 1958-ல் ஏழு வாரம் பஸ் வேலைநிறுத்தம், அதன்பின் தடங்களே வெட்டப்பட்டன. இருக்கை ஒன்றுக்கு அதிக ஆள் தேவைப்படும் வண்டியைத் தேர்ந்ததன் விளைவு எவ்வளவு, டிவியும் காரும் பயணிகளை இழுத்ததன் விளைவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். முதலாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம்.

மாற்றம் 1950 செப்டம்பர் 30 இரவு தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு கட்டமாக நடந்தது. சனி இரவு கடைசி டிராம், ஞாயிறு காலை முதல் பஸ், அதுதான் பெரும்பாலும் முறை. ஞாயிறு கூட்டம் குறைவு, தவறு நடந்தால் திங்களுக்குள் சரிசெய்யலாம். டிராம் ஓட்டியவர்களுக்கு ஸ்டியரிங் என்ற பொருளே புதிது. இரண்டு கைப்பிடியும் பிரேக்கும் மட்டும் அறிந்தவர்கள், தண்டவாளம் காட்டிய வழியில் போனவர்கள், இப்போது வளைவில் பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமல் திருப்பக் கற்க வேண்டும். சிஸ்விக்கில் வழுக்குத் தளம் போட்டுப் பழக்கினார்கள்.

கிரீனிச்சில் டிராஃபல்கர் ரோடு நிறுத்தத்தில் இறங்கி ஆற்றங்கரைப் பக்கம் போனால், நான்கு புகைபோக்கிகள் கொண்ட செங்கல் மாளிகை. டிராமுக்கு மின்சாரம் தருவதற்காகக் கவுன்சில் கட்டிய மின்நிலையம். தேம்ஸ் படகில் வந்த நிலக்கரியை எரித்தது. உள்நாட்டு நிலக்கரியை விட்டு இறக்குமதி எண்ணெய்க்கு மாறியதன் அர்த்தம் 1956 இறுதியில் தெரிந்தது. சூயஸ் நெருக்கடியில் எரிபொருளுக்குக் கட்டுப்பாடு வந்து, டீசல் பஸ் சேவையைக் குறைத்தார்கள். மின்நிலையம் இன்றும் சுரங்க ரயிலுக்கு அவசரகால மின்சாரம் தரத் தயாராக நிற்கிறது.

மறுபடி 177 ஏறி வுல்விச் ரோடில் சார்ல்டன் தாண்டியதும் பென்ஹால் ரோடு. டிராம்களை இங்கே கொண்டுவந்து, பயன்படும் உதிரிகளைக் கழற்றி, உடலை எரித்து, மிஞ்சிய இரும்பை வெட்டினார்கள். டிராமட்டோரியம் என்று பெயர் வைத்தார்கள், டிராம் சுடுகாடு. எல்லாம் எரியவில்லை. 1931-ல் வந்த ஃபெல்தம் வகை டிராம்கள் அப்போதும் நல்ல நிலையில் இருந்ததால் 90 வண்டிகள் லீட்ஸ் நகருக்கு விற்கப்பட்டன. அந்த ஊரும் 1959-ல் டிராமை நிறுத்திவிட்டது.

கடைசி டிராம் போய் ஐந்து மாதத்தில், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் பெரும்புகை மூடியது. நிலக்கரிப் புகைதான் முக்கியக் குற்றவாளி, டிராமுக்குப் பதில் வந்த டீசல் பஸ்களின் புகை அதில் சேர்ந்தது. டிராம் இருந்த காலத்தில் மூடுபனியில் அது மெல்ல நகரும், தண்டவாளம் வழிகாட்டும், மற்ற வண்டிகள் அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு வரும். இந்தமுறை நடத்துநர்கள் கையில் தீப்பந்தத்தோடு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்கள். பிறகு பஸ்ஸும் நின்றது. சுரங்க ரயில் மட்டும் ஓடியது.


ஐந்தாம் நாள்: ஃபுல்வெல்

வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ட்விக்கன்ஹம். நிலையத்தருகே 281 பஸ், டால்வொர்த் பக்கம். ஃபுல்வெல் பணிமனை வழியிலேயே வரும்.

டிராலிபஸ்ஸுக்கு இங்கேதான் பிறப்பு, இங்கேதான் முடிவு. 1931 மே 16-ல் ட்விக்கன்ஹம், டெடிங்டன் இடையே லண்டனின் முதல் டிராலிபஸ் ஓடியது. 1962 மே 8 இரவு கடைசி வண்டி ஃபுல்வெல்லில் நுழைந்தது. அதன் எண் 1521. அதுவும் இப்போது கார்ல்டன் கோல்வில்லில்தான். உச்சத்தில் 68 தடம், 1,811 வண்டி, உலகிலேயே மிகப் பெரிய டிராலிபஸ் அமைப்பு.

தரையில் தண்டவாளம் இல்லாததால் சாலைச் செலவு தொலைந்தது, மின்சாரம் மட்டும் மேலே மிச்சம். தண்டவாளம் மூலம் மின்சாரம் திரும்ப வழியில்லை என்பதால் இரண்டு கம்பி. ஆறு சக்கரம், 70 இருக்கை, சத்தமே இல்லாத கிளம்பல். குறைகள் எல்லாம் தலைக்கு மேல். சந்திப்பில் கம்பி பிரியும் இடத்தில் நடத்துநர் இறங்கி, தெருவோரக் கம்பத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்துப் பிடித்தால்தான் வண்டி கிளைத் தடத்தில் திரும்பும். சீக்கிரம் விட்டுவிட்டால் வண்டிக் கூரையின் இரண்டு கம்பங்களில் ஒன்று இங்கேயும் இன்னொன்று அங்கேயும் போய், கம்பி கிழியும். வேகமாகக் கடந்தாலும் கம்பம் கழன்று துள்ளும். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் நீள மூங்கில் கழி ஒன்று செருகி வைத்திருந்தார்கள், கழன்ற கம்பத்தைக் கொக்கியால் பிடித்து மறுபடி கம்பியில் ஏற்ற. புதிதாக ஒரு ரவுண்டானா வந்தால் பஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை மாற்றினால் போதும், டிராலிபஸ்ஸுக்குக் கம்பம் நட்டு, கம்பி கட்டி, மின்சாரம் சேர்க்க வேண்டும். ஐம்பதுகளில் லண்டனில் எல்லாச் சந்திப்பும் மாறிக்கொண்டிருந்தது. டிராம் காலத்துத் துணைமின்நிலையங்களும் முதுமை அடைந்திருந்தன. மறுபடியும் அதே நிலை, புதுப்பிக்கும் செலவு மேசைக்கு வந்த நேரத்தில் முடிவு. 1954-ல் அறிவிப்பு, 1959 மார்ச்சில் தொடக்கம். பதிலாக வந்த ரூட்மாஸ்டர் என்ற டீசல் பஸ்ஸில் 64 இருக்கை. போருக்குப் பின் வாங்கிய க்யூ1 வகை டிராலிபஸ்களில் 125 ஸ்பெயினுக்குப் போய் அங்கே மேலும் பல ஆண்டுகள் ஓடின.

பஸ் நிறுத்தத்தில் நின்று எண்களைப் படிக்கத் தெரிந்தால் இந்த வரலாறு முழுக்கத் தெருவிலேயே எழுதியிருக்கிறது. டிராலிபஸ் தடங்களுக்கு 500, 600 வரிசை எண் கொடுத்தார்கள், பல இடங்களில் டிராமின் எண்ணை அப்படியே வாலாக வைத்துக்கொண்டு. டீசல் பஸ்ஸானபோது அது 200 வரிசைக்கு இறங்கியது. அக்ஸ்பிரிட்ஜ் ரோடின் 7-ஆம் எண் டிராம் 607 டிராலிபஸ் ஆகி, 207 பஸ் ஆனது. 53 என்பது 653, 253. 59 என்பது 659, 259. 67 என்பது 667, 267. 43 என்பது 543, 243. எல்லா 200 வரிசையும் இப்படி இல்லை, நீங்கள் ஏறிவந்த 281-ன் மூலம் 601. 200 வரிசை பஸ் ஒன்று நேரான, அகலமான, பழைய பெருஞ்சாலையில் அடிக்கடி வந்தால் முன்னோரைத் தேடிப்பாருங்கள். சுற்றிவளைத்துக் குடியிருப்புக்குள் போனால் விட்டுவிடலாம்.


ஆறாம் நாள்: கோவென்ட் கார்டன், கிராய்டன்

காலையில் போக்குவரத்து அருங்காட்சியகம். இரண்டு மணி நேரம் போதும். வெஸ்ட் ஹாம் நகராட்சியின் 102-ஆம் எண் டிராமையும், 1253-ஆம் எண் டிராலிபஸ்ஸையும் அடுத்தடுத்துப் பாருங்கள். டிராமின் தரை உயரத்தையும் படியையும் கவனியுங்கள். டிராம் சாலையின் நடுவில் நிற்கும். மழையில், காருக்கு நடுவே சாலையில் இறங்கி நடந்து, அந்தப் படியில் ஏற வேண்டும். நடைபாதை ஓரத்திலேயே வந்து நிற்கும் பஸ்ஸைச் சாதாரணப் பயணி வரவேற்றதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஏக்கக் கட்டுரைகளில் இந்தப் படி வருவதே இல்லை.

மதியம் ஈஸ்ட் கிராய்டன். 1951-ல் டிராமை இழந்த ஊருக்கு 2000 மே மாதம் டிராம் திரும்பியது. நடைமேடையில் அட்டையைத் தட்டிவிட்டு ஏறவும், வழியில் இறங்கும்போது தட்ட வேண்டாம். 750 வோல்ட் மேல்கம்பி, அதே 4 அடி 8½ அங்குலம். ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் தார்ச்சாலையில் பதித்த தண்டவாளம் தெரியும். ஆனால் விம்பிள்டன் பக்கம் போகும் வண்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். சர்ச் ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் கார்களோடு கலக்கும் பகுதி சீக்கிரமே முடிந்துவிடும். அதன்பின் 1997-ல் மூடிய பழைய ரயில் பாதை, இரு பக்கமும் வேலி, சரளைக்கல். லாரி எதுவும் அதன் மேல் ஓடாது.